லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் 2056 வரை மூடப்பட்ட இலங்கைக் கோப்பு: எப்படி விண்ணப்பிப்பது?

கோப்புத்தேடி கேட்டது:

வணக்கம். 1971 ஏப்ரல் ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது பிரித்தானியா இலங்கை அரசுக்கு அளித்த உதவியைப் பற்றி ஆய்வு செய்து வருகிறேன். பிரித்தானிய வெளிநாட்டு, பொதுநலவாய அலுவலகத்தின் தெற்காசியப் பிரிவுக் கோப்புகள், கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எஃப்சிஓ 37 என்ற வரிசையில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றைத் தடையின்றிப் பார்க்க முடிகிறது. எனக்கு மிகவும் தேவையான ஒரு கோப்பில் மட்டும் சில தாள்கள் உருவப்பட்டு, தனி எண்ணின் கீழ் "84 ஆண்டுகளுக்கு மூடப்பட்டது, பிரிவு 40" என்று பதிவாகியுள்ளன. திறக்கும் நாள் 2056 ஜனவரி 1. இன்னொரு கோப்போ "பிரிவு 3(4)இன்படி திணைக்களமே வைத்துள்ளது" என்ற குறிப்போடு நின்றுவிடுகிறது. 20 ஆண்டு விதி நடைமுறையில் இருக்கும்போது, 50 ஆண்டு கடந்த தாள்களை மறுக்க முடியுமா? நான் பிரித்தானியக் குடிமகன் அல்லன் என்பது தடையாகுமா?

அடிக்குறிப்பு எழுதியது:

குடியுரிமை தடையாகாது. இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே உரிமை தருகிறது. பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் எந்த நாட்டவரும், உண்மைப் பெயரும் பதில் பெறுவதற்கான முகவரியும் தந்து, மின்னஞ்சலிலேயே விண்ணப்பிக்கலாம்.

20 ஆண்டு விதியைப் பலரும் கோப்பைத் திறக்கும் விதி என்று எண்ணிக்கொள்கிறார்கள். 1958ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் முதலில் 50 ஆண்டு என்று வைத்தது, 1967இல் அது 30 ஆயிற்று, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் 2013 முதல் படிப்படியாக 20 ஆகக் குறைந்தது. ஆனால் 2005 ஜனவரியில் தகவல் சுதந்திரச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், இந்த ஆண்டுக்கணக்கு திணைக்களம் கோப்பைக் காப்பகத்திடம் ஒப்படைப்பதற்கான கெடு மட்டுமே. ஒப்படைத்த கோப்பைப் பொதுமக்கள் பார்க்கலாமா என்பதை, தகவலை மறுக்க இடமளிக்கும் அச்சட்டத்தின் விலக்குப் பிரிவுகளே தீர்மானிக்கின்றன. அவற்றில் சில காலத்தோடு காலாவதியாகும்: கொள்கை வகுப்பு பற்றிய 35ஆம் பிரிவையும் சட்ட ஆலோசனை பற்றிய 42ஆம் பிரிவையும் 20 ஆண்டுக்குப் பின் காட்ட முடியாது. தேசப் பாதுகாப்பு (24), வெளிநாட்டுறவு (27), தனிநபர் தகவல் (40) ஆகியவற்றுக்கு அப்படியொரு முடிவுநாள் கிடையாது. ஆகவே "பழைய கோப்பு" என்ற ஒரே வாதத்தோடு எழுதுவதில் பயனில்லை. எந்தப் பிரிவோ அதற்கேற்ற வாதம் வேண்டும்.

உங்கள் 84 ஆண்டு வெறும் கணக்குதான். பிறந்த நாள் தெரியாத வயதுவந்த ஒருவரை அப்போது 16 வயதினர் என்று கொண்டு, அவர் 100 வயது வரை வாழக்கூடும் என்ற அனுமானத்தில் மிச்ச ஆண்டுகளைப் போடுகிறார்கள். ஆவணத்திலுள்ளவர் உயிரோடிருக்கிறாரா என்று எவரும் தேடிப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தப் பாதுகாப்போ உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. உதாரணமாக, அந்தத் தாள்கள் கிளர்ச்சித் தலைவர் ரோகண விஜேவீரவைப் பற்றியவை என்று ஊகிக்க இடமிருந்தால், அவர் 1989 நவம்பரில் கொல்லப்பட்டதற்கான பத்திரிகைச் செய்தியை விண்ணப்பத்தோடு இணையுங்கள். கைதான சாதாரண இளைஞர்களின் பெயர்ப் பட்டியல் என்றால் வழி கடினம். அப்போது பெயர்களைக் கருமையிட்டு மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி கேளுங்கள். திறந்த கோப்பை நேரில் பார்க்க முடிந்தால், உருவப்பட்ட தாள்களின் இடத்தில் வைத்திருக்கும் மாற்றுத் தாளையும், அதற்கு முன்பின் உள்ள கடிதங்களின் திகதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எதைக் கேட்கிறோம் என்பது அதிலிருந்தே பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

தென்கரை எழுதியது:

பொது ஆவணச் சட்டத்தின் 3(4)ஆம் பிரிவின்படி திணைக்களம் வைத்திருக்கும் கோப்புக்குக் கியூவுக்கு எழுத வேண்டாம்; வெளிநாட்டு அலுவலகத்துக்கே நேராக எழுதுங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. உளவு, பாதுகாப்பு அமைப்புகள் தந்த அல்லது அவற்றைப் பற்றிய தகவலுக்கான, தகவல் சுதந்திரச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழக்கமாக முழு விலக்கு. வெளியிடுவதா மறுப்பதா, எது பொதுநலன் என்று எடைபோடும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அதே தகவல் காப்பகத்துக்கு வந்துவிட்ட வரலாற்று ஆவணத்தில் இருந்தால், 64ஆம் பிரிவின்படி பொதுநலனையும் எடைபோட்டே மறுக்க வேண்டும். ஆக, தாள் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து உங்கள் உரிமை மாறுகிறது. தன்னிடமே கோப்பை நிறுத்திவைப்பது திணைக்களத்துக்கு எவ்வளவு வசதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுதும்போது கோப்பு எண்ணையும் தாள்களின் திகதியையும் குறுகலாகக் கேளுங்கள். "1971 பற்றிய அனைத்தும்" என்று கேட்டால், மத்திய அரசுத் திணைக்களங்களுக்கான 600 பவுண் செலவு வரம்பைக் காட்டி ஒரே வரியில் மறுத்துவிடலாம். பதிலுக்கான கெடு 20 வேலைநாள். கியூவில் மூடியுள்ள ஆவணங்களுக்கு, உரிய திணைக்களத்தைக் கலந்துகொள்ள வேண்டியிருப்பதால், 30.

கோப்புத்தேடி எழுதியது:

மிக்க நன்றி. இரண்டையும் தனித்தனியாக அனுப்புகிறேன். காத்திருக்கும் வேளையில் வேறு எங்காவது தேடலாமா?

மணல்மேடு எழுதியது:

தாராளமாக. ஒரு தந்தி பல திணைக்களங்களுக்குப் போயிருக்கும்; ஓரிடத்தில் மூடிய பிரதி இன்னோரிடத்தில் திறந்தே கிடப்பதுண்டு. அப்போதைய பிரித்தானியப் பிரதமர் எட்வர்ட் ஹீத் காலத்துப் பிரதமர் அலுவலகக் கோப்புகள் பிரெம் 15 வரிசையில் உள்ளன. ஆயுத உதவி பற்றியது என்பதால் பாதுகாப்பு அமைச்சின் கோப்புகளையும் பாருங்கள். உங்கள் கோப்பு எங்கேனும் இருக்கிறது என்பதே ஒருவகையில் நல்ல செய்தி. 1978 முதல் 1980 வரையிலான காலத்து இலங்கைக் கோப்புகளில் ஏறத்தாழ 200ஐ வெளிநாட்டு அலுவலகம் அழித்துவிட்டதாக 2018இல் தெரியவந்தது. அவற்றுக்கு எந்தப் பிரிவைச் சுட்டியும் விண்ணப்பிக்க வழியில்லை.

மறுப்பு வந்தால் முதலில் அதே அமைப்பிடம் உள்ளக மீளாய்வு கேளுங்கள், பின்னர் தகவல் ஆணையாளரிடம் முறையிடுங்கள். அவர் முடிவும் பாதகமாயின், 28 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.