ரைசிங் எம் 50 வாங்கலாமா? அந்த ஆற்றுக் கதையை முதலில் நிறுத்துங்கள்

கொங்குவேல் (டெக்சஸ்):
போன வாரம் "முதல் சப்மெஷின் கன் எது வாங்கலாம், கையில் காசு குறைவு" என்று கதிர் தம்பி கேட்டதற்கு பூபதி சார் இரண்டே வரியில் பதில் எழுதிவிட்டுப் போனார்: "ரைசிங் என்பது மரைன்கள் (அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர்) ஆற்றில் வீசிய இரும்பு. அதைக் காசு கொடுத்து எடுக்காதே." பதினோரு பேர் அதற்கு ஆமாம் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பதினோரு பேரில் எத்தனை பேர் ஒரு ரைசிங்கைக் கையால் தொட்டிருக்கிறீர்கள்? நான் ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். எம் 50, கம்பென்சேட்டர் (சுடும்போது குழல் மேலே எழும்பாமல் தடுக்கும் முனை) உள்ளது, தோளில் வைக்கும் மூல மரக்கட்டையோடு. ஏழாயிரத்துச் சொச்சம் டாலர் கொடுத்தேன். மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போகிறது. ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

1986 மே 19-க்குப் பிறகு தயாரான இயந்திரத் துப்பாக்கி எதையும் இங்கே அமெரிக்காவில் தனி ஆள் பதிவு செய்ய முடியாது. அதற்கு முன் பதிவானவைதான் கைமாறுகின்றன. எண்ணிக்கை இனி கூடாது, அதனால் விலை ஏறிக்கொண்டே போகிறது. ரைசிங் இரண்டாம் உலகப் போரில் உண்மையாகவே இருந்த அமெரிக்கத் துப்பாக்கி, .45 தோட்டா, மாசசூசெட்ஸ் வூஸ்டரில் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் செய்தது. அதே காலத்துத் தாம்சன் சப்மெஷின் கன் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. வேறு எது கிடைக்கும் சொல்லுங்கள்.

பூபதி (நார்த் கரோலினா):
விலை ஏன் மூன்றில் ஒரு பங்கு என்று யோசித்தீர்களா? மரைன்கள் ஆற்றில் வீசினார்கள், அதனால். 1942 ஆகஸ்டில் பசிபிக்கில் குவாடல்கனால் தீவில் இறங்கியவர்கள் மணலிலும் உப்புக் காற்றிலும் அது சிக்கிச் சிக்கி நின்றதால், கர்னல் எட்சன் சொல்லியே லுங்கா ஆற்றில் போட்டார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தவன் தூக்கி எறிந்ததை நீங்கள் ஏழாயிரத்துக்கு வாங்கியிருக்கிறீர்கள். வாங்கியதை நியாயப்படுத்த வேண்டிய கட்டாயம் உங்களுக்கு. எனக்கு அது இல்லை.

கொங்குவேல் (டெக்சஸ்):
எட்சனின் ரெய்டர்கள் (மரைன்களின் அதிரடிப் பிரிவு) ஆகஸ்ட் 7-ல் முதலில் இறங்கியது துலாகித் தீவில், குவாடல்கனாலில் இல்லை. இதுகூடத் தெரியாமல் வரலாறு பேச வந்துவிட்டீர்கள்.

இனி ஏன் சிக்கியது என்பதைக் கேளுங்கள். ரைசிங்கின் போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்பு) முன்னால் போய் முடிந்ததும் அதன் பின்பகுதி மேலே எழும்பி ரிசீவரில் (துப்பாக்கியின் உடல் கூட்டில்) உள்ள ஒரு குழியில் உட்கார வேண்டும். குழியில் மண் அடைத்தால் போல்ட் முழுதாக உட்காராது, சுடாது. அது ஒன்று. இரண்டாவதுதான் முக்கியம். பாகங்களைத் தொழிற்சாலையில் கையால் அரத்தால் தேய்த்துப் பொருத்தினார்கள். ஒரு துப்பாக்கியின் போல்ட் இன்னொன்றில் சரியாகச் சேராது. மரைன்கள் கூட்டமாக உட்கார்ந்து கழற்றித் துடைத்துவிட்டு, கலந்து கிடந்ததில் கைக்குக் கிடைத்ததை மாட்டினார்கள். சிக்காமல் என்ன செய்யும்? யூஜின் ரைசிங் இதைக் காவல்துறை காரின் பெட்டியில் உலர்வாக இருக்கும் துப்பாக்கியாக மனதில் வைத்தே செய்தார். தாம்சன் முழுவதையும் தரைப்படை எடுத்துக்கொண்டதால் மரைன்கள் இதை வாங்கினார்கள். காட்டுக்குள் கொண்டுபோனது அவர்கள் முடிவு.

பூபதி (நார்த் கரோலினா):
நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். மண் பட்டால் சுடாது. பாகம் மாற்ற முடியாது. ஆற்றில் வீசினார்கள். நன்றி.

தாமரைச்செல்வி (வெர்ஜீனியா):
இருவரிடமும் ஒரு கேள்வி. "வாங்கலாமா" என்றால் எதற்கு? வாராவாரம் சுடுவதற்கா, அலமாரியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டவா, பத்து வருடம் கழித்து விற்கவா? மூன்றுக்கும் மூன்று பதில் வரும். அதை முடிவு செய்துகொண்டு பேசினால் கதிருக்கு உதவியாக இருக்கும்.

கொங்குவேல் (டெக்சஸ்):
தாமரை அக்கா, அதெல்லாம் சரி, ஆனால் இவர் ஆற்றுக் கதையை விடும்வரை வேறு எதுவும் பேச முடியாது. லுங்காவில் எத்தனை துப்பாக்கி போட்டார்கள்? ஒன்றா, நூறா? யார் எண்ணினார்கள்? லட்சத்துக்குப் பக்கம் தயாரான துப்பாக்கி இது. கொஞ்சம் ஆற்றில் போனதால் மிச்சமெல்லாம் குப்பையாகிவிடுமா?

நாகராஜன்_வரலாறு:
நான் கேள்விப்பட்டது லுங்கா இல்லை, தெனாரு ஆறு.

பூபதி (நார்த் கரோலினா):
லுங்கா.

கொங்குவேல் (டெக்சஸ்):
நாகராஜன், ஆகஸ்ட் 21 இரவு நடந்த தெனாருப் போரே தெனாருவில் நடக்கவில்லை. மரைன்களின் வரைபடத்தில் பெயர் தவறாக இருந்தது. சண்டை நடந்தது இலு ஆற்று முகத்துவாரத்தில், அவர்கள் அலிகேட்டர் கிரீக் என்று அழைத்த இடம். ஆற்றின் பெயரே தெரியாத இரண்டு பேர் ஆற்றில் வீசியதை மட்டும் கண்ணால் பார்த்ததுபோல் எழுதுகிறீர்கள்.

நாகராஜன்_வரலாறு:
நான் பூபதிக்கு ஆதரவாக எழுதவில்லை. கேள்விப்பட்டதைச் சொன்னேன். ஒருவரைத் திருத்துவதற்கும் அவமதிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, கொங்குவேல். போன வருடம் ஸ்டென் துப்பாக்கி பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் செய்தீர்கள்.

மேக்_மணி (அட்லாண்டா):
ஆறும் வேண்டாம், தீவும் வேண்டாம். காசு குறைவு என்றால் எம் 11 சப்மெஷின் கன் வாங்குங்கள், 9 மிமீ. எங்கள் அட்லாண்டாவில் செய்தது. நிமிடத்துக்கு ஆயிரம் தோட்டாவுக்கு மேல் வேகம். வேகம் அதிகம் என்று தோன்றினால் லேஜ் கம்பெனி மேல்பாகம் வாங்கி மாட்டினால் பாதிக்குப் பக்கம் இறங்கிவிடும். பாகம் எல்லாம் புதிதாகவே கிடைக்கிறது. ரைசிங்குக்கு ஒரு மேகசின் (தோட்டாப் பெட்டி) தேடி நாக்குத் தள்ளும்.

கொங்குவேல் (டெக்சஸ்):
தகரத்தை மடித்துச் செய்த பெட்டி. அதில் என்ன வரலாறு இருக்கிறது? கட்டையும் கிடையாது, பெயருக்கு ஒரு கம்பி. ரைசிங்கில் மரக்கட்டையைத் தோளில் வைத்து, மூடிய போல்ட்டில் (விசையை அழுத்தும் முன்பே போல்ட் முன்னால் நிற்கும்) ஒவ்வொன்றாகச் சுட்டால் 50 கஜத்தில் குறி தப்பாது. திறந்த போல்ட்டில் விசையை அழுத்தியதும் கனமான இரும்பு முன்னால் பாய்ந்து குறியைக் குலைக்கும், உங்கள் தகரப் பெட்டி அப்படித்தான். ரைசிங் எடை 3 கிலோ சொச்சம். 1928 தாம்சன் 5 கிலோவுக்குப் பக்கம். என் மகள் இருபது வயதில் ரைசிங்கை அலட்டிக்கொள்ளாமல் சுடுகிறாள்.

இன்னொன்று. ரைசிங் ஐம்பது வருடம் தாண்டிவிட்டது, சி அண்ட் ஆர் (பழம்பொருள் துப்பாக்கிகள்) பட்டியலில் வரும். அதற்கான சேகரிப்பாளர் உரிமம் இருந்தால் வேறு மாநிலத்திலிருந்து ஃபார்ம் 4 (கைமாற்று விண்ணப்பம்) போட்டு நேராக உங்கள் பெயருக்கே மாற்றிக்கொள்ளலாம், நடுவில் டீலர் வேண்டாம். எம் 11-க்கு அது இன்னும் முடியாது.

மேக்_மணி (அட்லாண்டா):
தகரப் பெட்டி என்று இன்னொரு முறை எழுதினால் நான் பதில் எழுத மாட்டேன். மரியாதையாகத்தான் பேசினேன்.

சுபேதார்_ஓய்வு (கோயம்புத்தூர்):
நான் படையில் இருந்தவன். கான்பூரில் செய்த 9 மிமீ கார்பைன், ஸ்டெர்லிங் மாதிரி, பல வருடம் தூக்கியிருக்கிறேன். இருட்டில் பத்து கார்பைனைக் கழற்றிக் குவித்துவிட்டு மாட்டினாலும் பத்தும் சுட வேண்டும், அதுதான் கணக்கு. போல்ட் மாற்றி மாட்டினால் நிற்கும் துப்பாக்கியை நான் துப்பாக்கி என்று சொல்ல மாட்டேன். ஆற்றில் வீசியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

பூபதி (நார்த் கரோலினா):
சுபேதார் ஐயா சொல்லிவிட்டார். அனுபவசாலி. முடிந்தது.

கொங்குவேல் (டெக்சஸ்):
ஐயா மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நாங்கள் படைக்கு வாங்கவில்லை ஐயா. என் வீட்டில் ஒரே ஒரு ரைசிங்தான் இருக்கிறது. அதன் போல்ட் வேறு எதோடு கலக்கும்? ஞாயிற்றுக்கிழமை மேசையில் துணி விரித்துக் கழற்றுகிறேன், துடைக்கிறேன், எண்ணெய் போடுகிறேன், மாட்டுகிறேன். குவாடல்கனாலில் அதைக் கெடுத்த காரணம் ஒன்றுகூட டெக்சஸில் என் வீட்டில் இல்லை. இதை நான் மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

பூபதி சாருக்கு அனுபவசாலி மேல் இவ்வளவு மதிப்பு இருந்தால், இரண்டு வருடம் முன்பு என்னிடம் விற்ற 30 தோட்டா மேகசினை "போர்க்கால மூலப் பொருள்" என்று ஏன் சொன்னார்? ரைசிங்குக்குப் போர்க்காலத்தில் வந்தது 20 தோட்டாவும், பக்கவாட்டில் அழுத்தி ஒற்றை வரிசையாக்கிய 12 தோட்டாவும்தான். 30 எல்லாம் போருக்குப் பிறகு வேறு யாரோ செய்தது.

பூபதி (நார்த் கரோலினா):
அதற்குத்தான் இந்தத் திரியா? இரண்டு வருடமாக மனதில் வைத்திருந்தீர்களா? பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அன்றே சொன்னேன். நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். வேலை செய்கிறது, வைத்துக்கொள்கிறேன் என்றீர்கள்.

கொங்குவேல் (டெக்சஸ்):
வேலை செய்தது. என் ரைசிங்கில் வேலை செய்தது. சிக்காமல்.

அரிசோனா_கதிர்:
அண்ணன்மார்களே, கேள்வி கேட்டவன் நான்தான். பீனிக்ஸில் ஒருவர் ஒரு ரைசிங் காட்டுகிறார். எம் 55 என்கிறார், மடக்கும் கம்பிக் கட்டை இருக்கிறது, குழல் முனையில் கம்பென்சேட்டரும் இருக்கிறது, மூன்று மேகசின். போன மாதம்தான் கிரீன் கார்டு வந்தது. வாங்கலாமா?

கொங்குவேல் (டெக்சஸ்):
தம்பி, நில். பாராசூட் படைக்குச் செய்த எம் 55-ல் கம்பென்சேட்டர் கிடையாது. உன்னிடம் காட்டுவது பெரும்பாலும் எம் 50, கம்பிக் கட்டையை யாரோ பிறகு மாட்டியிருக்கிறார்கள். எம் 55 என்று அதிக விலை கேட்டால் கொடுக்காதே. பதிவுத் தாளில் எந்த மாடல் எழுதியிருக்கிறது என்று பார். ரிசீவரின் உள்ளே போல்ட் உட்காரும் குழியின் விளிம்பு உருண்டு தேய்ந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார். பதிவானது ரிசீவர்தான். போல்ட் போனால் இன்னொன்று வாங்கித் தேய்த்துப் பொருத்தலாம், ரிசீவர் போனால் போனதுதான். 2026 ஜனவரியிலிருந்து சைலன்சருக்கு வரி இல்லை என்று யாராவது குழப்புவார்கள், இயந்திரத் துப்பாக்கிக்கு 1934-ல் வைத்த அதே 200 டாலர் வரி இன்னும் உண்டு.

பூபதி (நார்த் கரோலினா):
பாருங்கள், விற்பனையாளர் காட்டியதே ஒட்டுப்போட்ட ரைசிங். இதற்குத்தான் சொன்னேன். மரைன்கள் ஆற்றில்

கொங்குவேல் (டெக்சஸ்):
மறுபடியும் ஆறு. விற்பவர் மாற்றி மாட்டியதற்கும் ஆற்றுக்கும் என்ன தொடர்பு?

தாமரைச்செல்வி (வெர்ஜீனியா):
கதிர், சுடவா, வைத்துக்கொள்ளவா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நாகராஜன்_வரலாறு:
தெனாரு பற்றி நான் எழுதியது தவறு என்று கொங்குவேல் சொன்னார். நான் சொன்னது ஆற்றின் பெயர், போர் நடந்த இடம் அல்ல. இரண்டும் வேறு. இதற்கு அவர் இன்னும் பதில் தரவில்லை.

மேக்_மணி (அட்லாண்டா):
கிரீன் கார்டு இருந்தால் போதும், கதிர். பயப்பட வேண்டாம். ஆனால் எம் 11 ஒன்று என் நண்பரிடம் இருக்கிறது, தனி மடலில் வாருங்கள்.

கொங்குவேல் (டெக்சஸ்):
திரியில் விற்பனை கூடாது என்று விதி இருக்கிறது, மணி. நிர்வாகி பார்க்க வேண்டும்.

நாகராஜன், லுங்கா வேறு, தெனாரு வேறு, இலு வேறு, மூன்றும் எனக்குத் தெரியும். பூபதி சாருக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் சனிக்கிழமை 200 தோட்டா சுட்டு, ஒன்றும் வெட்டாமல் வீடியோ போடுகிறேன். நீங்கள் விற்ற அதே மேகசினில். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பூபதி (நார்த் கரோலினா):
போடுங்கள். முதலில் ஒரு பிடி கடற்கரை மணலை உள்ளே போட்டுவிட்டு எடுங்கள். அப்போது பார்க்கிறேன்.

கொங்குவேல் (டெக்சஸ்):
உங்கள் காரின் எஞ்சினில் ஒரு பிடி மணல் போட்டு ஓட்டிக் காட்டுங்கள். நான் என் ரைசிங்கில் மணல் போட மாட்டேன். பதிவான ரிசீவர், இன்னொன்று பிறக்காது.

அரிசோனா_கதிர்:
தாமரை அக்கா, சுடத்தான். வருடத்துக்கு நான்கைந்து தடவை. அவர் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்.