பேறுகால விடுப்புச் சம்பளம் ஆளுக்கு ஆள் மாறலாமா? (கிருஷ்ணகிரி – தருமபுரி நண்பர்கள் விவாதம்)

மத்தூர் கதிரவன்:
எங்கள் சொந்தத்தில் இந்த வருஷம் மூன்று பிரசவம். தம்பி மனைவி பெங்களூரில் மென்பொருள் வேலை, மாதம் 80,000. சித்தப்பா மகள் ஓசூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைனில் நிற்கிறாள், 14,500. மாமா மகள் சீசனுக்கு மாங்கூழ் ஆலை, மற்ற நாளில் காட்டு வேலை.

பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு. தம்பி மனைவிக்கு ஏறக்குறைய 4,80,000 வருகிறது, சித்தப்பா மகளுக்கு 87,000. மாமா மகளுக்கு விடுப்பும் இல்லை, சம்பளமும் இல்லை. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000. அதிலும் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாகப் போய்விடும்.

மூன்று பேருக்கும் வலி ஒன்று, பச்சை உடம்பு ஒன்று, பிள்ளைக்கு ஆகிற பால், மருந்து, துணிச் செலவும் ஒன்று. அப்படியிருக்க, அதிகம் சம்பாதிப்பவருக்கு அதிகம், இல்லாதவருக்கு இல்லை என்பது என்ன நியாயம்? ஆஸ்திரேலியாவில் 2011-இல் தொடங்கியபோதே அரசு கொடுக்கும் பெற்றோர் விடுப்புப் பணத்தைக் குறைந்தபட்ச ஊதிய அளவில் வைத்துவிட்டார்கள். துப்புரவு வேலை செய்பவருக்கும் வக்கீலுக்கும் வாரத்துக்கு அதே தொகை. பிறகு அங்கே பிரதமரான டோனி அபாட் அதைச் சம்பளத்தோடு இணைக்கப் பார்த்தார். பணக்காரப் பெண்களுக்கு மக்கள் வரிப்பணமா என்று அவர் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது, 2015-இல் கைவிட்டார். இங்கேயும் எல்லோருக்கும் ஒரே தொகை என்று வரவேண்டும் என்பது என் கருத்து.

காவேரிப்பட்டணம் தேன்மொழி:
கதிர் அண்ணா, உங்கள் மாமா மகளுக்காக நீங்கள் பேசுவது சரிதான். ஆனால் வழி தப்பு.

ஆஸ்திரேலியாவில் அந்தப் பணம் அரசு கஜானாவிலிருந்து வருகிறது. இங்கே உங்கள் தம்பி மனைவிக்கு வருகிற 4,80,000-ஐக் கொடுப்பது அவர் கம்பெனி. அதை வெட்டினால் மிச்சம் கம்பெனி லாபத்தில்தான் சேரும். அதில் ஒரு ரூபாய்கூட மத்தூருக்கு வராது. ஒரு பெண்ணுக்குக் குறைப்பதால் இன்னொரு பெண்ணுக்குக் கிடைக்கும் என்ற கணக்கே இங்கே பொருந்தவில்லை.

இன்னொன்று. 1961-இல் வந்த பேறுகாலப் பயன் சட்டம் இதை உதவித்தொகையாகப் பார்க்கவில்லை. விடுப்புக்கு முந்தைய மூன்று மாதத்தின் சராசரி தினக்கூலி எவ்வளவோ அதைக் கொடு என்றது. வேலைக்கு வராததால் நின்றுபோகிற சம்பளத்துக்கு ஈடு அது. நான் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன், 32,000 சம்பளம். அதை நம்பித்தான் வீட்டுக் கடன் தவணை ஓடுகிறது. பிள்ளை பிறந்ததும் எனக்கு மாதம் 10,000 என்று கைகழுவியிருந்தால், மூன்றாம் மாதமே தாய்ப்பாலை நிறுத்திவிட்டு ஓடியிருப்பேன். சட்டம் கொடுத்த 26 வாரத்தை என்னால் எடுக்கவே முடிந்திருக்காது.

ஓசூர் பட்டறைக்காரர்:
சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்தில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன், 14 பேர் வேலை செய்கிறார்கள். பணம் யார் கையிலிருந்து போகிறது என்று தேன்மொழி சொன்னதை இன்னும் கொஞ்சம் விளக்குகிறேன்.

மாதம் 21,000 வரை வாங்குபவர்கள் ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குள் வருகிறார்கள். 14,500 சம்பளம் என்றால் என் பங்கு 3.25 சதவீதம், சுமார் 471 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 109 ரூபாய். லேத்தில் நிற்கிற ஆணுக்கும் கட்டுகிறேன், பெண்ணுக்கும் கட்டுகிறேன். பிரசவம் என்று வந்தால் 26 வாரச் சம்பளத்தை ஈஎஸ்ஐ கொடுத்துவிடும், என் தலையில் விழாது. 21,000-ஐத் தாண்டினால் கதை வேறு. என் பட்டறையில் தரச் சோதனை பார்த்த பெண்ணுக்கு 24,000 சம்பளம். ஆறு மாதத்துக்கு 1,44,000 நானே கொடுத்தேன், அவர் இடத்தில் வேறு ஒருவரையும் போட்டேன். அந்தப் பெண்ணின் கண்ணுக்குத் தப்பி ஒரு ரிஜெக்ஷன் போனதில்லை. கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆனால் எங்கள் வட்டாரத்தில் நேர்காணலுக்கு வரும் பெண்ணிடம் முதல் கேள்வியே ‘கல்யாணம் ஆயிடுச்சாம்மா?’ என்பதுதான். ஏன் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே தொகையா, சம்பளத்துக்கு ஏற்பவா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். முழுச் சுமையும் ஒரு முதலாளி மேல் விழும்வரை, பெண்ணின் சம்பளம் ஏற ஏற அவரை வேலைக்கு எடுக்கப் பயப்படுவார்கள். ஈஎஸ்ஐ வரம்பை உயர்த்தி, எல்லோரும் சேர்ந்து கட்டும் நிதியிலிருந்து கொடுக்கட்டும். 2017 ஜனவரியில் 21,000 ஆக்கிய வரம்பு அது. அதற்குப் பிறகு விலைவாசி எங்கே போய்விட்டது!

மத்தூர் கதிரவன்:
பொது நிதி என்று வந்துவிட்டால் என் கேள்விக்கு இன்னும் பலம் கூடுகிறது சார். எல்லோர் காசும் கலந்த பானையிலிருந்து 20,000 வாங்குபவருக்கு இரண்டு கரண்டி, 10,000 வாங்குபவருக்கு ஒரு கரண்டி என்று எப்படி அள்ள முடியும்?

காவேரிப்பட்டணம் தேன்மொழி:
20,000 வாங்குபவர் பெயரில் இரண்டு மடங்கு கட்டியிருக்கிறார்களே அண்ணா. கட்டும்போது சதவீதம், வாங்கும்போது மட்டும் சமம் என்றால் அதிகம் கட்டுகிறவர்கள் அந்த நிதியை விட்டே விலகப் பார்ப்பார்கள். வசதியானவர்கள் விலகிய அரசுப் பள்ளிக்கூடங்கள் என்ன ஆயின என்று நம் ஊரிலேயே பார்த்துவிட்டோம்.

பென்னாகரம் செல்வி:
எல்லோரும் சம்பளச் சீட்டு இருக்கிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஜோடி ஜோடியாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். புருஷன் கொத்தனார் என்றால் பெண்டாட்டி சித்தாள். அவள் எந்த ஏட்டில் இருக்கிறாள்? மேஸ்திரியின் சின்ன நோட்டில், வெறும் பேராக. சில நோட்டில் அந்தப் பேரும் இல்லை, புருஷன் பேருக்கு நேரே ‘2 ஆள்’ என்று மட்டும் இருக்கும். பிரசவத்துக்கு ஊருக்கு வரும்போது அந்த நோட்டைக் காட்டி யாரிடம் விடுப்புச் சம்பளம் கேட்பது?

மாங்கூழ் ஆலையில் என் அக்கா மகள் வேலை செய்தாள். பெங்களூரா மாம்பழத்தின் காம்பைக் கிள்ளிப் போடுகிற வேலை. வடியும் பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகிவிடும். ராத்திரி சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவாள். அதுவும் ஏழாம் மாதம் வரை நின்றாள். சட்டப்படி பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் ஒரே முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். பழ சீசனே இரண்டு, இரண்டரை மாதம். நடுவில் ஒப்பந்தக்காரர் மாறினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். 80 நாள் எங்கே தேறும்?

சரி, முத்துலட்சுமி ரெட்டி திட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1987-இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018 முதல் 18,000. நல்ல திட்டம், எங்கள் பெண்கள் பலருக்குக் கையில் முழுசாகக் காசு வந்த முதல் சந்தர்ப்பமே அதுதான். ஆனால் முதல் தவணைக்கு, கர்ப்பமான தொடக்கத்திலேயே நர்ஸம்மாவிடம் பதிந்து பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு நம்பர் வாங்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் பெங்களூரில் மணல் சுமந்துகொண்டிருப்பாள்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. நம் தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் போட்ட வழக்கு. முதல் கல்யாணத்தில் இரண்டு பிள்ளைகள், மறுமணத்துக்குப் பிறகு ஒன்று. மூன்றாவது என்று விடுப்பை மறுத்தார்கள். பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைக்குள் வருகிறது என்று சொல்லி நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அரசு வேலையில் இருக்கிற பெண்ணுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் முழுச் சம்பள விடுப்பு. யாருக்கும் அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் உரிமை என்றால் சித்தாளுக்கும் உரிமைதானே? பத்தாயிரம் வீதம் ஆறு மாதம், 60,000 ரூபாய். எந்தப் பெண்ணுக்கும் அதற்குக் கீழே போகக் கூடாது. மேலே அவரவர் சம்பளத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போகட்டும்.

ராயக்கோட்டை சரவணன்:
ஆண்களைப் பற்றி யாருமே பேசவில்லை. தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறேன். மனைவிக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். எழுந்து உட்கார வைக்கவே ஆள் வேண்டும். மாமியாருக்கு முட்டி வலி, நான்தான் தூக்கி உட்கார வைத்தேன், துணி துவைத்தேன். வண்டிக்குப் போகாத நாளெல்லாம் கூலி கிடையாது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. தனியாரில் வேலை செய்யும் ஆணுக்கு சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை.

நாளைக்கு ஆணுக்கும் விடுப்பு வந்து, அதில் கொஞ்சூண்டு தொகை கொடுத்தால் யாரும் எடுக்க மாட்டான். எடுக்கவும் முடியாது. வீட்டில் யாருக்கு அதிக வருமானமோ அவர் வேலைக்குப் போவார், குறைவாகச் சம்பாதிப்பவர் வீட்டில் நிற்பார். பெரும்பாலும் அது பெண்ணாகத்தான் இருக்கும்.

காவேரிப்பட்டணம் தேன்மொழி:
சரவணன் அண்ணா சொன்னதை ஜெர்மனியில் கண்ணால் பார்த்துவிட்டார்கள். 2007-க்கு முன்னால் அங்கே சின்ன நிலையான தொகைதான், அதுவும் வசதியான குடும்பத்துக்குக் கிடையாது. 100 தந்தையரில் மூன்று, நான்கு பேர்தான் விடுப்பு எடுத்தார்கள். 2007-இல் நிகரச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்று மாற்றி, இரண்டாவது பெற்றோரும் எடுத்தால் இரண்டு மாதம் கூடுதல் என்றார்கள். சில வருஷத்தில் அந்த எண்ணிக்கை 20-ஐத் தாண்டிவிட்டது. ஸ்வீடனிலும் ஒரு தம்பதிக்கு 480 நாள், அதில் 390 நாளுக்குச் சுமார் 80 சதவீதச் சம்பளம். தாய்க்கு 90, தந்தைக்கு 90 நாள், மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

செல்வி அக்கா கேட்பதும் அங்கே இருக்கிறது. ஜெர்மனியில் வேலையே இல்லாத தாய்க்கும் மாதம் 300 யூரோ. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் 1,800-க்கு மேல் கிடையாது. அடியில் ஒரு தளம், மேலே ஒரு கூரை, நடுவில் சம்பளத்துக்கு ஏற்ப. இதை என்னால் ஏற்க முடியும்.

மத்தூர் கதிரவன்:
அங்கே தளத்துக்கும் கூரைக்கும் ஆறு மடங்கு வித்தியாசம். அதிலும் அந்த 300 யூரோ 2007-இலிருந்து ஏறவே இல்லை. இங்கே 10,000-இல் தொடங்கினால் கூரை 30,000 போதும் என்பேன். மூன்று மடங்குக்கு மேல் போனால் பொதுப்பணத்தில் ஏற்றத்தாழ்வை நாமே வளர்க்கிறோம். அதற்கு மேல் கம்பெனி விருப்பப்பட்டுக் கொடுத்தால் கொடுக்கட்டும்.

காவேரிப்பட்டணம் தேன்மொழி:
30,000 என்றால் என்னையே வெட்டுகிறீர்கள் அண்ணா! அதற்கு மேல் வாங்கும் பெண்ணுக்கு இன்று சட்டப்படி உள்ளதைப் பிடுங்கிவிட்டு, கம்பெனி விருப்பம் என்று விடுவதை ஒருபோதும் ஒப்ப மாட்டேன். கம்பெனியின் விருப்பம் எந்த அளவு என்று பட்டறைக்காரர் சார் சொன்ன அந்த முதல் கேள்வியிலேயே தெரியவில்லையா?

ஓசூர் பட்டறைக்காரர்:
நிதிக்கு 30,000 வரை கூரை, அதற்கு மேல் உள்ள மிச்சத்தை மட்டும் முதலாளி தருவது என்று வைக்கலாம். 40,000 சம்பளம் என்றால் என் பங்கு மாதம் 10,000. அந்த அளவு என் போன்றவர்களால் தாங்க முடியும்.

பென்னாகரம் செல்வி:
கூரை 30-ஆ 40-ஆ என்பதை அப்புறம் பேசுங்கள். தளத்துக்குப் பணம் எங்கிருந்து என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. ஈஎஸ்ஐ நிதியில் எங்கள் பெண்கள் பேர் கிடையாது. கட்டட வேலைக்கு மொத்தச் செலவில் ஒரு சதவீதம் நலவரி பிடிக்கிறார்கள், அது அந்தந்த மாநில வாரியத்துக்குப் போகிறது. பென்னாகரத்துச் சித்தாள் பெங்களூரில் கட்டின கட்டடத்தின் நலவரி கர்நாடகாவில் நிற்கிறது, அவள் பிள்ளை பெறுவது இங்கே. அந்தக் காசு அவள் கைக்கு வர வழி சொல்லுங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.