குடும்பத்துக்கு எந்த பிளானர்? வாங்கி ஓட்டியவர்களும் பாதியில் விட்டவர்களும் சொல்லுங்கள்

இரண்டு பிள்ளைக்காரி:

என் அலமாரியில் மூன்று பிளானர் கிடக்கின்றன. மூன்றிலும் முதல் பத்துப் பதினைந்து பக்கம் முத்து முத்தான கையெழுத்து, அதற்குமேல் வெறும் தாள். ஒவ்வொன்று நின்றுபோனபோதும் எனக்குத்தான் ஒழுங்கு போதாது என்று என்னையே திட்டிக்கொண்டேன். நான்காவது இப்போது ஏழாவது மாதமாக ஓடுகிறது. நான் ஒன்றும் திருந்திவிடவில்லை. வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன், அவ்வளவுதான்.

சமையலறை மேடையில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டுவைத்தேன். இரண்டு வாரம், வீட்டில் யாருக்கு என்ன வேலை வந்தாலும் அதில் ஒரு வரி. பெரியவளுக்கு நீச்சல் வகுப்பு, சின்னவனின் பள்ளிப் படிவத்தில் கையெழுத்து, மாமியாருக்கு ரத்தப் பரிசோதனை, கணவருக்கு வெளியூர்ப் பயணம், நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது. பதினான்காம் நாள் எண்ணினால் 61 வரி. மணி குறித்தவை அதில் 17தான். மிச்சம் 44ம் ‘இன்றைக்குள்’, ‘வெள்ளிக்குள்’ ரகம்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பிளானர்களைப் புரட்டினேன். மூன்றில் இரண்டு, காலை ஆறிலிருந்து இரவு ஒன்பதுவரை அரை மணிக்கொரு கோடு போட்டவை. அந்த 44 வரிக்கு அதில் இடமே கிடையாது. ஓரத்தில் கிறுக்கி, ஒட்டுச்சீட்டு ஒட்டி, பார்க்கவே பிடிக்காமல் மூடிவைத்திருக்கிறேன். மூன்றாவது, நாளுக்கு ஒரு பக்கம். செங்கல் கனம். அதைவிடத் தொல்லை, வியாழக்கிழமைப் போட்டிக்கு வெள்ளைச் சட்டை வேண்டும் என்பது வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினால்தான் கண்ணில் படும். சட்டையைத் துவைக்க வேண்டியதோ செவ்வாய்.

இப்போது இருப்பதில் வாரம் முழுவதும் விரித்த இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஏ5 அளவு, பக்கம் 148க்கு 210 மில்லிமீட்டர். விரித்தால் அகலம் 296. நாளுக்கொரு வரிசை போட்டு, ஐந்து பேருக்கு ஐந்து பத்தி பிரித்தாலும் ஆளுக்கு ஐந்து சென்டிமீட்டர் கிடைக்கிறது. கைப்பையில் அடங்குகிறதே என்று ஏ6 பக்கம் ஆசையாகப் போனேன். விரித்தாலே அது 210 மில்லிமீட்டர்தான். ‘பல் டாக்டர் 4.30’ என்று எழுதுவதற்குள் பத்தி முடிந்துவிடும்.

உங்களுக்கு எது நின்றது, எது கவிழ்ந்தது? கவிழ்ந்த கதையைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன்.

ஷிப்ட் அப்பா:

கவிழ்ந்த கதை என்னிடம் இருக்கிறது, சகோதரி. எங்கள் சுவர்க் காலண்டரில் வாரம் ஞாயிறில் தொடங்கும். பிளானரில் திங்களில். ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்த தூக்கக் கலக்கத்தில், சுவரில் இருந்ததைப் பிளானருக்குப் பெயர்த்து எழுதினேன். தேதியைப் பார்க்கவில்லை, ‘ஐந்தாவது கட்டம்’ என்று இடத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். வியாழக்கிழமை வேலையெல்லாம் வெள்ளியில் போய் உட்கார்ந்தது. பையனின் காது வலிக்கு வாங்கிவைத்திருந்த அப்பாயின்ட்மென்டும் அதில் ஒன்று. வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கு லீவு சொல்லி, அவனைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். “நேற்றே கூப்பிட்டோமே” என்றார் வரவேற்பில் இருந்த அம்மா. அடுத்த தேதி இரண்டு வாரம் தள்ளி. பையனுக்கு லீவு கிடைத்த சந்தோஷம், காது வலியைக்கூட மறந்துவிட்டான்.

இப்போது சுவரிலும் திங்களில் தொடங்குவதுதான். சனியும் ஞாயிறும் பிரியாமல் ஒட்டியிருப்பது தனி வசதி, குடும்ப வேலை பாதி அந்த இரண்டு நாளில்தானே நடக்கிறது. வேலையிடத்து அட்டவணை வார எண்ணில் வருகிறவர்களுக்கு இன்னொன்று: ஐஎஸ்ஓ 8601 என்கிற சர்வதேசத் தேதித் தரத்தின் கணக்கில் வாரம் திங்களில் தொடங்கும், வருடத்தின் முதல் வியாழக்கிழமை விழுகிற வாரமே முதல் வாரம். அப்படிப் பார்த்தால் 2026க்கு 53 வாரம். கடைசி வாரத்துக்குப் பக்கம் விட்டிருக்கிறார்களா என்று பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

காரில் விட்டவள்:

நான் பிளானரைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை, பேனாவில்தான் கோட்டைவிட்டேன். எங்கள் வீட்டில் எந்தத் திட்டமும் மூன்று முறை மாறாமல் நடக்காது. அடித்து அடித்து எழுதினால் பக்கம் கந்தலாகிறதே என்று, பின்முனையால் தேய்த்தால் மறைகிற அழிபேனா வாங்கினேன். ஆறு மாதம் சொர்க்கம். ஒரு நாள் வெயிலில் நிறுத்திய காரில், முன் கண்ணாடிக்குக் கீழே பிளானரைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் அந்த வாரமே இல்லை. அச்சடித்த கோடுகள் மட்டும் இருக்கின்றன, என் எழுத்து ஒன்றுகூட இல்லை. யாரோ பக்கத்தை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த மை சூட்டில் நிறம் போகிற மை. தேய்க்கும்போது மறைவதும் தேய்ப்பில் எழுகிற சூட்டால்தான். சுமார் 60 டிகிரி செல்சியஸ் வந்தால் போதும், வெயிலில் நிற்கும் கார் முகப்பு அதைச் சாதாரணமாகத் தொடும். நல்ல குளிர் பட்டால் நிறம் திரும்பும் என்று என் தம்பி சொன்னான். பிளானரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் எழுத்து வந்துவிட்டது! கூடவே நான் அழித்ததெல்லாமும் எழுந்து வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் ரத்தான கல்யாண வரவேற்பும் நேற்று மாற்றிய பேங்க் வேலையும் ஒன்றின்மேல் ஒன்று. எது உயிரோடு இருக்கிறது, எது ஆவி என்று உட்கார்ந்து பிரித்தேன்.

இப்போது பென்சில்தான். மாறாததற்கு மட்டும் பால்பாயிண்ட்.

செக்ரட்டரி அம்மா:

எல்லாரும் அளவும் கோடும் பேசுகிறீர்கள். நான் கேட்கிற கேள்வி வேறு. அதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

ஆசையாக ஒரு நல்ல பிளானர் வாங்கினேன். ஆளுக்கொரு நிறம், மாதக் குறிப்பு, எல்லாம் பக்கா. விளைவு என்ன தெரியுமா? முன்பாவது வீட்டில் ஆளாளுக்குக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருந்தார்கள். பிளானர் வந்தபிறகு அந்தக் கொஞ்சமும் போயிற்று. “அம்மா, நாளைக்கு எனக்கு என்ன?” “ஏம்மா, கரண்ட் பில் எப்போ கடைசி நாள்?” புத்தகம் மேசைமேல்தான் கிடக்கிறது. என்னைத்தான் புரட்டுகிறார்கள்.

ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தேன். அந்த வாரத்துப் பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட விழவில்லை. எழுந்த பிறகு ஒரே ஒரு சட்டம் போட்டேன்: செய்தி யார் காதில் விழுந்ததோ அவரே எழுத வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. அழகான தோல் அட்டைப் பிளானரை எனக்கென்று உள்ளே வைத்துக்கொண்டேன். கண்டபடி கிறுக்க யாருக்கும் மனம் தயங்காத சாதாரண கம்பிச்சுருள் நோட்டு ஒன்றை வாங்கி, தேதியை நாங்களே போட்டு, வாசலுக்குப் பக்கத்தில் செருப்பு மாட்டும் இடத்தில் வைத்தோம். பேனாவை நூலில் கட்டியாயிற்று, இல்லாவிட்டால் முதல் நாளே காணாமல் போகும்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கணவர் சொல்ல வாயெடுப்பார், நான் நோட்டைக் கைகாட்டுவேன். கொஞ்சம் முறைப்பும் இருந்தது. அப்புறம் ஒரு நாள் சின்னவள், ஒன்பது வயது, தானே எழுதியிருந்தாள்: ‘வெள்ளிக்கிளமை படம் வரையும் சாமான்’. ழகரம் தகராறு. திருத்தக் கை வந்தது, அடக்கிக்கொண்டேன். திருத்தியிருந்தால் நோட்டு மறுபடி என் நோட்டாகியிருக்கும்.

பழைய டைரிக்காரர்:

சுருக்கமாக ஒன்று. அன்பளிப்பாக வந்த 2015 டைரி ஒன்று என்னிடம் வெற்றாக இருந்தது. 2026க்கும் அதே கிழமைகள்தான், இரண்டுமே வியாழக்கிழமையில் தொடங்குகிற சாதாரண வருடங்கள். விடுமுறைப் பக்கத்தைக் கிழித்துவிட்டு உபயோகிக்கிறேன். பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, அழைத்து வருவது, இரண்டு பேரின் மாத்திரை, இவ்வளவுதானே எங்களுக்கு. மருமகள் பார்த்துவிட்டு, “மாமா, பதினோரு வருடம் பின்தங்கியிருக்கிறீர்களே” என்றாள்.

இடதுகைக்காரி:

கம்பிச்சுருள் நோட்டு மடங்கும், தட்டையாகக் கிடக்கும், எல்லாம் சரி. இடதுகையால் எழுதுகிறவர்களைக் கேளுங்கள். வலது பக்கத்தில் வரி தொடங்கும்போதே சுருள் உள்ளங்கையில் குத்தும். எங்கள் வீட்டில் நானும் பெரியவனும் இடதுகை. தைத்த பைண்டிங் வாங்கினோம். பசை மட்டும் போட்டு ஒட்டியதை நடுவில் கை வைத்து அழுத்திக்கொண்டே எழுதவேண்டும், கையெடுத்தால் மூடிக்கொள்ளும். கடையில் நடுப்பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்து, கையை எடுத்துப் பாருங்கள். தானாகத் திறந்து கிடந்தால் வாங்குங்கள்.

தாளும் முக்கியம். ஜெல் பேனாவுக்கு 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) எனக்குப் போதுமாக இருக்கிறது. பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனா எடுத்தால் எந்தத் தாளும் தாங்காது, அதற்கு பேனாவைத்தான் ஒளித்துவைக்க வேண்டும்.

இரண்டு பிள்ளைக்காரி:

செக்ரட்டரி அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் ஏழு மாதப் பக்கங்களையும் புரட்டினேன். ஐந்து பத்தி, ஒரே கையெழுத்து. ‘ஓடுகிறது’ என்று பெருமையாகச் சொன்னேனே, நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

பிளானரை மாற்றப் போவதில்லை, டிசம்பர்வரை பக்கம் இருக்கிறது. என் அறை மேசையிலிருந்து எடுத்து வாசல் பக்கம் வைத்தேன், பென்சிலை நூலில் கட்டினேன். முந்தாநாள் மாமியார் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் பத்தியில் எதையோ எழுதிவிட்டுப் போனார். அப்புறம் போய்ப் பார்த்தேன். ‘மாத்திரை நாலுதான் இருக்கு’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். அவர் மாத்திரையை இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தது நான்.