புதுப்பிப்பு: பிராம்லி ஆப்பிள் காய் பிடித்துவிட்டது

எங்கள் இங்கிலாந்து வீட்டுத் தோட்டத்து பிராம்லி மரம் பூத்துக் குலுங்கியும் காயே பிடிக்கவில்லை என்று போன வசந்தத்தில் எழுதியிருந்தேன். உரம் போதவில்லை என்று சிலரும், மகரந்தம் தர வேறு வகைத் துணை மரம் வேண்டும் என்று சிலரும் சொன்னீர்கள். துணை மரம்தான் சரி.

பிராம்லிக்கு மூன்று தொகுதி குரோமோசோம்கள். அதனாலேயே அதன் மகரந்தம் பெரும்பாலும் வீரியமற்றது. தனக்கும் உதவாது, பக்கத்து மரத்துக்கும் உதவாது. அதனால் ஒரு துணை மட்டும் வைத்தால் பிராம்லி காய்க்கும், அந்தத் துணைக்கு மகரந்தம் தர மரம் இருக்காது. அதே சமயத்தில் பூக்கும் ஜேம்ஸ் கிரீவ், டிஸ்கவரி என்ற இரண்டு ஆப்பிள் வகைகளையும் நட்டேன். அவை பூக்கும் வயது வரும்வரை காத்திருக்க மனமில்லை. அதனால் இந்த வசந்தத்தில், பூத்திருந்த காட்டு ஆப்பிள் கிளைகளை வெட்டி, வாளித் தண்ணீரில் வைத்து, மரத்தடியில் நிறுத்தினேன். தேனீக்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன. பழைய யோசனைதான், ஆனால் அருமையாக வேலை செய்கிறது!

ஜூனில் பிஞ்சுகள் உதிர்ந்தால் பயப்படாதீர்கள், அது இயல்பு. அப்புறமும் கொத்துக் கொத்தாக இருந்தவற்றைக் கிள்ளிவிட்டேன். மிஞ்சியவை நன்றாகப் பருத்தன.

1809-ல் இங்கிலாந்தின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி போட்ட விதையில் முளைத்தது இந்த வகையின் தாய்மரம். உலகத்து பிராம்லி எல்லாமே அதிலிருந்து ஒட்டுக்கட்டி வந்தவை. அதன் ஒரு கிளை என் தோட்டத்திலும் காய்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

நல்ல புளிப்பு. மாங்காய்க்குப் பதிலாக ஊறுகாய் போடலாம். அடிபடாத காய்களைத் தாளில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும்.