பழைய படத்தில் ஓடிய கார் என்கிறார்கள்: எப்படிச் சரிபார்ப்பது?

குழித்துறையான்:
அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்துக்கு அருகில் ஒருவர் தம் வீட்டு ஷெட்டில் நெடுநாளாக நிற்கும் பழைய பியட் காரை விற்க முன்வந்துள்ளார். அக்காலத் தமிழ்ப் படமொன்றில் கதாநாயகன் ஓட்டிய வண்டி அதுவே என்று கூறி, அதே நிலையிலுள்ள வேறொரு பியட்டைவிட இரு மடங்கு விலை கேட்கிறார், கையில் ஆர்.சி. புத்தகத்தைத் தவிர வேறு ஆவணம் இல்லை. படப்பிடிப்பு முடிந்தபின் இத்தகைய வண்டிகளும் பிற பொருள்களும் எங்கே போயின? அவர் சொல்வதைச் சரிபார்க்க வழி உண்டா?

வடசேரிக்காரன்:
அண்ணாச்சி, பல கார்கள் படக் கம்பெனிக்குச் சொந்தமானவையே அல்ல. வாடகைக்கு வந்தவையாகவோ, தயாரிப்பாளரோ நடிகரோ சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தவையாகவோ இருக்கும். வேலை முடிந்ததும் உரியவரிடம் திரும்பி, சாதாரண வண்டியாக ஓடித் தேய்ந்து, பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். எனவே படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நம்பர் பிளேட்டை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். காட்சிக்காக வேறு எண் மாட்டுவதும் உண்டு என்பதால், எண் பொருந்தாவிட்டால் வாடகை ரசீதோ படப்பிடிப்பில் எடுத்த புகைப்படமோ கேளுங்கள்.

சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 'புல்லிட்' (1968) என்ற ஹாலிவுட் படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங் காரை நியூஜெர்சிக் குடும்பம் ஒன்று 1974இல் 6,000 டாலருக்கு வாங்கி, வீட்டு உபயோகத்துக்கு ஓட்டியது. அதைத் தமக்கே திரும்பத் தரும்படி மெக்வீன் 1977இல் எழுதிய கடிதத்தை அவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். வண்டியின் சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணும் பொருந்தியது. 2020இல் அந்த வண்டி 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. துருவோடும் கீறலோடும் அப்படியே விற்றார்கள் என்பதையும் கவனியுங்கள். உங்கள் ஆள் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் பாதிச் சான்று அழிந்தது என்று கொள்ளலாம்.

முட்டத்து அலை:
வண்டியாவது மிஞ்சும், பிளைவுட்டிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் செய்த செட்கள் அடுத்த படத்துக்காக உடைக்கப்படும், அல்லது வேறு வண்ணம் பூசிக்கொள்ளும். 1938 டிசம்பரில் 'கான் வித் த விண்ட்' படத்தில் அட்லாண்டா நகரம் எரியும் காட்சிக்காக ஹாலிவுட்டில் பழைய செட்களையே கொளுத்தினார்கள். அங்குள்ள எம்.ஜி.எம். என்ற படத் தயாரிப்பு நிறுவனம் 1970இல் தன் உடைகளையும் பொருள்களையும் மொத்தமாக ஏலத்துக்கு விட்டது. நம் பக்கம் பாதுகாக்கப்பட்டவை சிலவே: தியாகராய நகர் எம்.ஜி.ஆர். நினைவில்லத்தில் 'அடிமைப்பெண்' படத்தில் நடித்த சிங்கம் பாடம் செய்யப்பட்டு நிற்கிறது. 2023இல் திறந்த ஏ.வி.எம். அருங்காட்சியகத்தில் 'பாயும் புலி' (1983) படத்தில் ரஜினிகாந்த் ஓட்டிய சுசுகி பைக் இருக்கிறது. எங்கள் முட்டத்தில் 'அலைகள் ஓய்வதில்லை' (1981) எடுத்த இடத்தைக் கேட்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். காட்டுவதற்குப் பாறைகள்தாம் உள்ளன.

தக்கலை வாசகர்:
இன்னொன்று: ஒரு பாத்திரத்துக்கு ஒரே வண்டிதான் என்று எண்ண வேண்டாம். 'கோல்ட்ஃபிங்கர்' (1964) படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டினுக்குப் படப்பிடிப்பிலேயே இரண்டு கார்கள். விளம்பரத்துக்கு மேலும் இரண்டு. அவற்றில் ஒன்று 1997இல் ஃப்ளோரிடாவில் திருடு போனது. வாங்கினால், 2021இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த, மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் எனப் பதியலாம். பழைய எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். அன்றாடம் ஓட்டத்தான் அனுமதியில்லை.

குழித்துறையான்:
மூவருக்கும் நன்றி. படத்தின் பெயரை இன்று கேட்டேன். நினைவில்லை என்றும், நிச்சயம் கறுப்பு வெள்ளைப் படம் என்றும் சொல்கிறார்.

வடசேரிக்காரன்:
அப்படியானால் வெறும் பியட் விலையைப் பேசுங்கள், அண்ணாச்சி. போகும்போது அடித்தகட்டில் துரு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.