எச்டிஎம்ஐ-ல 1080, 60 ஹெர்ட்ஸ் வச்சா மட்டும் திரை கறுப்பாகுது

வணக்கம் நண்பர்களே. வீட்டு டெஸ்க்டாப்ல எச்டிஎம்ஐ (மானிட்டருக்கு டிஜிட்டலா படம் கொண்டு போற இணைப்பு) வழியா படம் நிக்க மாட்டேங்குது. ஆன் பண்ணதும் முதல்ல வர்ற பயோஸ் லோகோ பளிச்சுனு வருது, விண்டோஸ் திறக்கிற நேரத்துல "நோ சிக்னல்". பழைய அனலாக் இணைப்பான விஜிஏ-ல போட்டா படம் நிக்குது.

ஊர் திருநெல்வேலி. போன வாரம் இடி மின்னல்ல கரண்ட் போய் வந்ததுக்கு அப்புறம்தான் இப்படி. மூன்றாம் தலைமுறை ஐ3, எச்61 மதர்போர்டு, விண்டோஸ் 10, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

கேபிள் மாத்தியாச்சு. கிராபிக்ஸ் டிரைவரை (திரையை இயக்குற மென்பொருள்) முழுசா நீக்கிட்டு திரும்பப் போட்டாச்சு. பயோஸ் ரீசெட்டும் ஆச்சு. அதே கேபிள், அதே மானிட்டர், லேப்டாப்ல மாட்டினா 1920×1080, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை படம் புதுப்பிக்கிறது) ஒழுங்கா ஓடுது.

நேத்து ஒன்னு கவனிச்சேன். விஜிஏ, எச்டிஎம்ஐ ரெண்டையும் சேர்த்து மாட்டி, எச்டிஎம்ஐ-க்கு 1280×720 வச்சா படம் வருது. 1080-லயே 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கினாலும் வருது. 60 வச்சதும் ஒரு நொடி வெள்ளைப் புள்ளியா மின்னிட்டு கறுப்பாயிடுது. 30-ல சிக்னல் வேகம் பாதிதான், அதனால மதர்போர்டுல இருக்கிற எச்டிஎம்ஐ போர்ட் மேலதான் என் சந்தேகம். தங்கச்சி இதுலதான் டிசைன் வேலை பார்க்கிறா. விஜிஏ-ல எழுத்தெல்லாம் மங்கலா தெரியுது, அவளுக்குக் கண் வலி.

தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டா இது தீருமா, இல்ல அதுக்கு முன்னாடி வேற எதையாவது சோதிக்கணுமா?