ஸ்காபரோவின் 42ஆம் வட்டாரத்துக்கு என்ன ஆனது?

மால்வேர்ன்வாசி:
எங்கள் வீட்டில் கிடந்த 2017ஆம் ஆண்டுத் தேர்தல் துண்டறிக்கை ஒன்றில் எங்கள் மால்வேர்ன் பகுதி 42ஆம் வட்டாரம் (மாநகர சபைத் தேர்தல் தொகுதி) என்று உள்ளது. இப்போது ரொறன்ரோவில் இருப்பதே 25 வட்டாரங்கள்தாம். 42ஆம் வட்டாரம் எப்போது உருவானது, ஏன் இல்லாமற்போனது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

எல்லைக்கோடு:
1998இல் ஸ்காபரோ உட்பட ஆறு மாநகராட்சிகள் ஒரே ரொறன்ரோ மாநகராக இணைக்கப்பட்டபோது மால்வேர்ன் 18ஆம் வட்டாரத்தில் இருந்தது. வட்டாரத்துக்கு இருவர் என்ற அன்றைய முறைப்படி ரேமண்ட் சோவும் பாஸ் பல்கிசூனும் அதன் மாநகர சபை உறுப்பினர்களாக இருந்தனர். 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக நகரின் 22 நாடாளுமன்றத் தொகுதிகளும் இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்டு 44 வட்டாரங்களாயின. ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதியின் மேற்குப் பாதி 41 என்றும் கிழக்குப் பாதி 42 என்றும் எண் பெற்றன. 42இல் வென்ற சோ, 2016இல் மாகாணச் சட்டமன்றத்துக்குத் தெரிவாகும்வரை அதை விட்டுக்கொடுக்கவே இல்லை. அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு 2017 பெப்ரவரி 13 அன்று நடந்த இடைத்தேர்தலில் நீதன் சாண் வென்று, ரொறன்ரோ மாநகர சபையின் முதல் தமிழ் உறுப்பினரானார். உங்கள் துண்டறிக்கை அந்த இடைத்தேர்தலுக்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

கிழக்குக்கரை:
அது மறைந்த விதம்தான் வேதனையானது. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கருதி, மாநகர சபை நீண்ட ஆய்வுக்குப் பின் 47 வட்டாரங்களை ஏற்றிருந்தது. வேட்பாளர்கள் வீடு வீடாக வாக்குக் கேட்டுக்கொண்டிருக்கையில், வேட்புமனுத் தாக்கலின் இறுதி நாளான 2018 ஜூலை 27 அன்று, சபையை 25 ஆகக் குறைக்கப்போவதாக ஒன்ராறியோ மாகாண முதல்வர் டக் போர்ட் அறிவித்தார். செப்டம்பர் 10 அன்று ஒரு நீதிபதி அதற்காக மாகாணம் இயற்றிய சட்டம் செல்லாது என்றார்; ஒன்பதே நாட்களில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. அக்டோபர் 22 தேர்தல் 25 வட்டாரங்களிலேயே நடந்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் மாகாணத்தின் பக்கமே நின்றது.

எல்லைக்கோடு:
நான்கு ஆண்டுகளில் இரண்டரைக் கோடி டொலர் மிச்சம் என்பது மாகாணம் சொன்ன கணக்கு. குப்பை அகற்றலுக்கும் வீதி விளக்குக்கும் முறையிடும் மக்களுக்கோ, ஓர் உறுப்பினருக்குச் சுமார் 1,10,000 பேர் என்பதுதான் கணக்கு. பழைய 42இன் நிலப்பரப்பு இன்று 23ஆம் வட்டாரமான ஸ்காபரோ நோர்த்திலும் 25ஆம் வட்டாரமான ஸ்காபரோ ரூஜ் பார்க்கிலும் பிரிந்து கிடக்கிறது. 2018இல் 25இல் போட்டியிட்ட நீதன் சாண், ஜெனிபர் மக்கெல்வியிடம் வெறும் 154 வாக்குகளில் தோற்றார்.

மால்வேர்ன்வாசி:
மிக்க நன்றி. அப்படியானால் எங்கள் வீதி 23இலா 25இலா என்பதை முகவரியைக் கொண்டு மாநகராட்சியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்கிறேன்.